கலேபுக்கு ஒரு பத்து

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
20 ஜனவரி 2006

சிட்டு,

போனில் நீ "அம்மா" என்று சொன்னதுமே நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டில் யாரும் சிரித்து ரொம்ப நாளாகிறது.

குழந்தை எப்படி இருக்கிறான்? கழுத்து நின்றதா? வயிறு எட்டு மாதமாக இருக்கும்போது விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். உன்மேல் தப்பில்லை. ஆனாலும் உன் தம்பியின் சவப்பெட்டியை மூடும்போது கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன். அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம்தான் கலேபின் அலமாரியைத் திறந்தேன். அமீர்பேட்டை கம்ப்யூட்டர் வகுப்புப் புத்தகங்கள் மேலேயே இருந்தன, முதுகுகூட மடங்காமல். உன்னைக் காட்டிக் காட்டித்தானே அப்பா அவனை அந்த வகுப்புக்கு விரட்டினார். அங்கே போகிற வழியில்தான் லாரி வந்தது. இதை நான் அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

புத்தகங்களுக்கு அடியில் அவனுடைய அட்டை ஃபைல். உனக்கு ஞாபகம் இருக்கும். ஜப்பான் கார்ட்டூன் அட்டைகள், பையன்கள் மாற்றி மாற்றி விளையாடுவார்களே, அது. முதல் பக்கத்தில், சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த நெருப்புப் பறவை. சாய்த்தால் மின்னும். அதை அவன் யாரையும் தொட விட்டதில்லை. நான் கை நீட்டினால், "நக்கோ மா, தொடாத, உன் கையில எண்ணெய்" என்பான்.

ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னான். "அமெரிக்கால கம்பெனி இருக்கு மா. இத அனுப்பினா லென்ஸ் வச்சுப் பார்த்து மார்க் போடுவாங்க. மூலை மழுங்கிருக்கா, கீறல் இருக்கா, படம் நடுவுல நிக்குதா, எல்லாம் பார்ப்பாங்க. பத்துக்கு மார்க்கு. போட்டுட்டு ஒடையாத பெட்டியில மூடிக் குடுப்பாங்க."

"உனக்கு எத்தனலே போடுவாங்க?" என்றேன்.

"எனக்கில்ல மா, கார்டுக்கு." அப்புறம் சிரித்தான். "ஆனா பத்துதான். ஹவ், ஆமா, பத்துதான் விழும். இவ்வளவு பத்திரமா ஊர்ல எவன் வச்சிருக்கான்?"

சிட்டு, அப்பா கல்லறைக்குக் கல் சொல்லப் போயிருந்தார். கல்லில் என்ன எழுதணும் என்று கேட்டிருக்கிறார்கள். கூட வந்த பாஸ்டர் ஒரு வசனம் போடலாம் என்றாராம். "பேரும் ரெண்டு தேதியும் போதும். வேற என்னத்த எழுத? எதுல பாஸ் பண்ணான்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடமே அதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

உன் அப்பாவுக்கு மார்க்குதான் பேசத் தெரிந்த பாஷை. ஃபாக்டரியில் இருந்தபோதும் அப்படித்தான். அந்தப் பாஷையில் என் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது அவர் காதில் விழ வேண்டும். அந்த அட்டைக்கு மார்க் வாங்க வேண்டும். எப்படி அனுப்புவது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அம்மா


எடிசன், நியூ ஜெர்சி
8 பிப்ரவரி 2006

அம்மாவுக்கு,

என் தமிழ் சண்டே ஸ்கூல் தமிழ்தான், உங்களுக்குத் தெரியும். குழந்தை தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கழுத்து நின்றுவிட்டது. ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பெட்டியை மூடும்போது என்னைத் தேடினீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. கார்டைப் பற்றி எழுதுகிறேன். அது எனக்கு எழுத வரும்.

அந்தக் கம்பெனி எனக்குத் தெரியும். கலேப் ஈமெயிலில் நிறையச் சொல்லியிருக்கிறான். நீங்கள் நேராகக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்புங்கள், ஃபார்ம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் வந்து சேரும்வரை அது உங்கள் கையில்தான் இருக்கிறது. கவனமாகச் செய்ய வேண்டும். ஒரு மூலை துளி மழுங்கினாலும் பத்து போய்விடும்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காய்ந்தபிறகு எடுங்கள். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், படத்தின்மேல் விரல் படக் கூடாது. தூசி இருந்தாலும் துடைக்காதீர்கள், புடவைத் தலைப்பால்கூட வேண்டாம். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் கவர். அதற்கு மேல் கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே கார்டு அசையக் கூடாது, ஈரம் போகக் கூடாது. பிறகு மேலும் கீழும் தடித்த அட்டை வைத்து ஒட்டுங்கள். டேப் கார்டில் படவே கூடாது. டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டால் இங்கே கத்தி இல்லாமல் பிரித்துவிடலாம். உறையில் வேண்டாம், பெட்டியில் வையுங்கள். சுற்றிலும் பேப்பர் திணித்துவிட்டுக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் திணியுங்கள். வெளியே விலை உயர்ந்தது என்று பெரிதாக எழுத வேண்டாம். ரிஜிஸ்டர் செய்து, இன்ஷூரன்ஸும் போட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், மா. நம்பர் வந்தபிறகு சொல்லலாம்.

அபிகாயில்


மாரெட்பள்ளி
2 மார்ச் 2006

சிட்டு,

அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியே ஒன்று விடாமல் செய்தேன். கேள்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை முந்தின நாளே நிறுத்திவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறிக்கு அடியில் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "என்ன, மருதாணியா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

நீ சொன்ன மெல்லிய கவரைத் தேடி ஜெனரல் பஜார் முழுக்க அலைந்தேன். புடவைக் கவர் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகைக் கவர் இருக்கிறது, இந்த அளவில் கிடையாது. ஒரு கடைக்காரர் இட்லிக்குச் சட்னி கட்டுகிற பையைக் காட்டினார். வந்த கோபத்தில் வெளியே வந்துவிட்டேன். கடைசியில் நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கே போனேன். உன் கடிதத்தை எடுத்து, முதலில் மெல்லிசு, மேலே கெட்டி, அசையக் கூடாது, ஈரம் போகக் கூடாது என்று அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அரே அம்மா, கைக்கு டென்ஷன்?" என்றார், எதற்கு டென்ஷன் என்று. "உங்க பொண்ணு சொல்றது லேமினேஷன்தான். பானி பீ நை ஜாத்தா, ஹவா பீ நை."

தண்ணீரும் போகாதாம், காற்றும் போகாதாம். எனக்கு அப்போதுதான் மூளையில் உறைத்தது. ஆமாம், வேறு எது! நம் வீட்டில் எதையெல்லாம் லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறோம்? உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், உன் பன்னிரண்டாம் வகுப்பு, உன் இஞ்சினீயரிங், அப்பாவுக்கு ஃபாக்டரியில் கொடுத்த வாழ்த்து மடல். முன் அறைச் சுவர் முழுக்க அதுதானே. கலேபுக்கு மட்டும் எதற்கும் போட்டதில்லை. போடும்படியாக எதுவும் வரவில்லை. இது வந்திருக்கிறது.

"நல்ல கெட்டியா போடுங்க, மெலிசு வேணாம்" என்றேன். மெஷினில் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் சூடாக வெளியே வந்தது, கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி. நானே வாங்கி ஊதினேன். பறவை முன்னைவிடப் பளபளவென்று இருந்தது. இனி எந்தக் கை பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, பிளாஸ்டிக் மேல்தான் விழுந்தது. துடைத்தால் போய்விட்டது.

அப்புறம் தடித்த அட்டை, டேப், நுனி மடிப்பு, பெட்டி. ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. வெள்ளைத் துணி சுற்றித் தைத்தேன். தபால் ஆபீஸில் பகவதி என்று ஒரு மலையாளப் பெண் இருக்கிறாள், நன்றாகத் தமிழ் பேசுவாள்.

"உள்ள என்ன மா?"

"கார்டு."

"ஒரு கார்டுக்கா இத்தாம் பெரிய பெட்டி? வாழ்த்துச் சொல்ல ஆளே நேர்ல போயிருக்கலாமே!" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திவிட்டாள். விலை என்ன போடுவது என்று கேட்டாள். தெரியாது என்றேன். "விலை இல்லாம வெளிநாடு போகாது மா, சும்மா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். பிறகு அவளே ஏதோ எழுதி, அரக்கு வைத்து முத்திரை குத்தி உள்ளே வாங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கல்லறையில் மண் தள்ளும்போதும் அப்படித்தான் தோன்றியது.

வந்ததும் எழுது.

அம்மா


எடிசன்
17 மார்ச் 2006

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பெட்டி இன்னும் வரவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். லேமினேஷன் என்றால் எந்த மாதிரி? கார்டு ஒரு கவருக்குள் சும்மா இருக்கிறதா? இல்லை, பிளாஸ்டிக் கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஓரம் மட்டும் ஒட்டியிருக்கிறதா, முழுவதுமா? கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். மற்ற கார்டுகளை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். ஃபைலிலேயே இருக்கட்டும்.

குழந்தைக்குச் சளி. வேறு ஒன்றுமில்லை.

அபிகாயில்


மாரெட்பள்ளி
3 ஏப்ரல் 2006

சிட்டு,

என்ன, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டிருக்கிறாய்? நன்றாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு எறும்புகூட நுழைய இடமில்லை. அசையக் கூடாது என்று நீதானே எழுதினாய். சளிக்குத் துளசி கிடைக்காதா அங்கே? இல்லாவிட்டால் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மூக்குப் பக்கம் காட்டு.

உன் பேச்சைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வந்துவிட்டது. ஈஸ்டருக்குக் கல்லை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "இந்தாங்க, கொஞ்சம் பொறுங்க. கலேபுக்கு மார்க் வரப்போகுது" என்றேன்.

பொத்தான் போட்ட கை அப்படியே நின்றது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, லென்ஸ், மூலை, நடு, எல்லாம். நான் அழுதுவிடுவேன் என்று பார்த்தால், அழவில்லை. பரீட்சைக்குப் படித்தவள் மாதிரி ஒப்பித்தேன்.

"எத்தனைக்கு?" என்று கேட்டார்.

"பத்துக்கு."

"எல்லாருக்கும் பத்து போடுவானா?"

"இல்லியாம். ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தானாம்."

"ம்" என்றார். கலேப் போனபிறகு அவனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான், சிட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "பத்துக்குப் பத்துன்னா நூத்துக்கு நூறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இப்போது தபால்காரர் வருகிற நேரம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். அந்தச் செம்பருத்தி நனைந்து நனைந்து அழுகிவிடும். ஒன்றும் வராவிட்டால், "கரண்ட் பில்லு கூட வரல" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார். முந்தாநாள் கல் தச்சரிடம் போய், கொஞ்சம் நிறுத்தி வை, கீழே ஒரு வரி இடம் விடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்ன வரி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

பெட்டி வந்திருக்குமே இதற்குள்?

அம்மா


மாரெட்பள்ளி
12 மே 2006

சிட்டு,

கடிதம் இல்லை. போன் செய்தேன். உன் வீட்டுக்காரர் எடுத்து, அவள் குளிக்கிறாள் என்றார். மறுநாளும் குளிக்கிறாள் என்றார். இங்கே குழாயில் தண்ணீர் வந்து நாளாகிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் வசதியை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டேன்.

மார்க் ஒன்பது வந்திருந்தாலும் சொல். எட்டு என்றாலும் பரவாயில்லை. எட்டும் பாஸ்தானே? அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா


எடிசன்
30 மே 2006

அம்மாவுக்கு,

பெட்டி மார்ச் மாதமே வந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள்.

நீங்கள் கட்டியிருந்ததைப் போல ஒரு பார்சலை நான் பார்த்ததில்லை. துணியும் அரக்கும் அப்படியே இருந்தன. டேப்பின் நுனி மடித்திருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. மூலை நான்கும் சரியாக இருந்தன. இத்தனை கடல் தாண்டி அதற்கு ஒன்றுமே ஆகவில்லை, மா.

ஆனால் கம்பெனியில் கார்டைப் பார்ப்பது கண்ணாலும் லென்ஸாலும் மட்டும்தான். அந்தக் காகிதத்தின் மேல்புறம், அதன் ஓரம், இதைத்தான் பார்க்க வேண்டும். லேமினேஷன் சூட்டில் ஒட்டுகிறது இல்லையா, அந்தப் பசை கார்டுக்குள் இறங்கிவிடுகிறது. அது பழைய கார்டாக இருக்காதாம். அப்படி மாறிப்போனதற்கு நம்பர் போட மாட்டார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். யாராவது ஒரு ஆள் பரிதாபப்பட்டு ஏதாவது போட்டுவிட மாட்டாரா என்று நினைத்தேன். ஒரு சின்னச் சீட்டோடு திரும்பி வந்துவிட்டது. ஒன்பது இல்லை, எட்டு இல்லை. நம்பரே இல்லை.

பிரித்து எடுக்க முடியுமா என்று இங்கே கார்டு விற்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிரித்தால் படமும் சேர்ந்து வந்துவிடும் என்றார். இதற்கு முன்னால் நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பத்து வந்திருக்குமா என்று கேட்டேன். வந்திருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அந்தக் கடையிலேயே இதே பறவை, பத்து போட்டுப் பெட்டியில் மூடி, விற்பனைக்கு இருந்தது. அதை வாங்கி உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா கையில் வைத்துப் பார்ப்பார். கல்லில் அந்த வரியை எழுதுவார். யாருக்கும் தெரியாது. காருக்குப் போய்விட்டுத் திரும்பக் கடைக்குள் போனேன். கையில்கூட வாங்கிப் பார்த்தேன். ஆனால் அதை வைத்திருந்தது வேறு யாரோ, மா. அவன் இல்லை. என்னால் முடியவில்லை. நான் செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்தான் கெட்டிப் பிளாஸ்டிக் என்று எழுதினேன்.

இன்னொன்று. லேமினேஷனுக்குள் பறவையின் இறக்கைப் பக்கம் ஒரு சின்ன முடி மாட்டியிருக்கிறது. கறுப்பு, நகத்தளவு நீளம். முதலில் கீறல் என்று நினைத்தேன். ஃபைலில் இருந்ததாக இருக்கும். அதையும் எடுக்க முடியாது.

கார்டைத் திருப்பி அனுப்பட்டுமா, நான் வைத்துக்கொள்ளட்டுமா?

அபிகாயில்


மாரெட்பள்ளி
18 ஜூன் 2006

சிட்டு,

உன் கடிதம் வந்த அன்று அப்பாதான் தபால்காரரிடம் வாங்கினார். உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் மெதுவாகப் படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி படிக்கும்போதே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"எத்தனை?" என்றார்.

"மார்க் போடலியாம்."

"ஏன்?"

"என்னாலதான். நான் லேமினேஷன் போட்டது தப்பாம். அட்டையில ஒரு குத்தமும் இல்ல. அவன் நல்லாத்தான் வச்சிருந்தான். நான்தான் கெடுத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இத நீ இன்னும் விடலியா?" என்றார்.

"எத?"

"ஆறாங் கிளாஸ்ல அவன் ஃபெயிலானப்ப வாத்தியாருக்குக் கண்ணு தெரியலன்ன. பத்துல காய்ச்சலுன்ன. இன்டர்ல பேப்பர் மாறிப்போச்சுன்ன. இப்ப அவன் போய்ச் சேர்ந்த பெறகும் அவனுக்காக நீ பழிய ஏத்துக்கிட்டு நிக்க."

"இல்லங்க. சத்தியமா இது நான் செஞ்சதுதான். இந்தாங்க, உங்க மக எழுதிருக்கா, படிங்க."

"அவ உனக்கும் மகதான" என்றார். கடிதத்தைக் கையால் தொடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்துதான அவன் ரிப்போர்ட் கார்டெல்லாம் ஒளிப்பீங்க."

எழுந்துபோய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் வாசல்வரைக்கும் ஓடினேன். "உள்ள போ ஜெயா, ரோட்ல வச்சு வேணாம்" என்றார். அதட்டாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் ஃபெயிலானதையெல்லாம் நான் மறைத்தேன், உண்மைதான். தாய் செய்ய மாட்டாளா? ஒரே ஒரு தடவை ஒன்றையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அவர் கணக்கில் என் பிள்ளை அமெரிக்கா வரைக்கும் போய் அங்கேயும் ஒரு ஃபெயில் வாங்கிவிட்டான். அதை வாங்கிக் கொடுத்தவள் நான். தெருமுனைக் கடையில் நின்று, கெட்டியாகப் போடுங்கள் என்று நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

கல் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன். கலேப் ஏனோக். கீழே இரண்டு தேதி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதுகிற அளவுக்கு வெறும் கல். முன்பே இடம் விடச் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது என்ன என்று தெரியாது. கல் பெரிதாகிவிட்டது என்று நினைப்பார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூவை அந்த இடத்தில் வைத்து மறைத்துவிட்டு வந்தேன்.

நீ அந்த இன்னொரு பறவையை வாங்கி அனுப்பியிருந்தால் நான் நம்பியிருப்பேன், சிட்டு. அப்பாவும் நம்பியிருப்பார். நீ செய்தது சரி என்று என் வாய் சொல்கிறது. மனசு சொல்லவில்லை. இதற்காக நீ அழ வேண்டாம். நான் பொய் எழுத மாட்டேன் என்று எடுத்துக்கொள், அவ்வளவுதான்.

கார்டைத் திருப்பி அனுப்பாதே. இனிமேல் எந்தப் பெட்டியையும் கட்டவோ பிரிக்கவோ எனக்குத் தெம்பில்லை. தபாலில் தொலைந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்று நினைப்பேன். நீயே வைத்துக்கொள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதே. உன் பையன் வளர்ந்து கேட்டால், மாமாவுடையது என்று சொல். மார்க் கேட்டால் பேச்சை மாற்றிவிடு.

ஆனால் அந்த முடி. அதை நீ எழுதியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவன் சட்டையெல்லாம் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டோம். சீப்பை அப்பா எங்கே போட்டாரோ தெரியவில்லை. தலையணை உறையை நானே துவைத்துவிட்டேன், அப்போது புத்தி இல்லை. அவன் உடம்பிலிருந்து ஒரு பொட்டுகூட இந்த வீட்டில் மிச்சமில்லை.

அப்பா தலை நரைத்துவிட்டது. என் முடி நீளம், அதுவும் பாதி வெள்ளை. அதனால் எங்களுடையதாக இருக்காது. நேற்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சண்டை போட இல்லை. அவர் தலையைப் பார்க்கத்தான் போனேன். அவருக்கும் கறுப்பு முடிதான். ஒட்ட வெட்டியிருக்கிறார். மெஷினுக்கு மேலேதான் குனிந்து நிற்கிறார். நான் பார்த்துக்கொண்டே நின்றதும் தலையைத் தடவிக்கொண்டு, "க்யா அம்மா, என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கலேபுக்குக் காது பக்கத்து முடி கொஞ்சம் செம்பட்டையாக இருக்கும், நுனி சுருளும். சின்ன வயதில் நீதான் அவனுக்குத் தலை சீவிவிடுவாய். உன் கைக்குத் தெரியும். அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார். உன் பையன் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்.

சிட்டு, அது அவன் முடிதானா?

அம்மா